மேல்கரைப் பாலம்

சங்தரா,
14 ஆகஸ்ட் 1999

அன்புத் தம்பி நுஸ்ரத்துக்கு அக்கா பீபிமோவின் சலாம். இங்கே நானும் மகள் சவ்ரியும் இறைவன் கருணையில் சுகம். நீயும் உன் மனைவி மக்களும் சுகமாயிருக்கத் தொழுகைதோறும் கையேந்துகிறேன். பிள்ளைகளுக்கு உலர்ந்த முசுக்கட்டைப் பழம் ஒரு பை லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பாதியை அவனே வழியில் தின்றிருப்பான். மிச்சம் வந்து சேர்ந்ததா என்று எழுது.

உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்று உங்கள் தலைநகரத்துத் துஷான்பே ரேடியோ சொல்கிறது. எங்களுக்கு அது தெரிய வேண்டுமானால் பாலம் வர வேண்டும். சண்டையில் வெடி வைத்துத் தகர்த்த பாலம் அப்படியே கிடக்கிறது. இரண்டு பாப்லர் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறோம். ஊரில் பெரும்பாலான வீடுகள் மேல்கரையில். ஆஸ்பத்திரியும் நான் எழுத்தராக வேலை பார்க்கும் ஊராட்சி அலுவலகமும் கீழ்க்கரையில். தினமும் காலையில் கலிமா சொல்லிக்கொண்டுதான் அந்த மரத்தில் கால் வைக்கிறேன். பனி உருகினால் அதையும் ஆறு இழுத்துக்கொண்டு போய்விடும், பிறகு ஒரு மாதம் ஈ காக்கை கடக்க முடியாது.

மருமகன் கியோம் ஜூலை கடைசியில் ரஷ்யாவுக்குத் திரும்பிப் போய்விட்டான். சவ்ரி இப்போது தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை. புளித்த தயிர் கேட்கிறாள். இதற்கு மேல் தம்பிக்கு எழுதக் கூடாது. நீயும் இரண்டு பிள்ளை பெற்றவன், புரிந்துகொள்வாய்.

ஒரு விஷயம். தலைநகரில் இருந்து ஒரு நிறுவனம் ஊராட்சிகளை மதிப்பிட வருகிறதாம். யார் வளர்ச்சித் திட்டம் போட்டு நடத்தத் தகுதி உள்ளவர்கள் என்று பார்த்து, இரும்புப் பாலம் கொடுப்பார்களாம். உனக்கு ஏதாவது தெரியுமா?

உன் அக்கா,
பீபிமோ

துஷான்பே,
2 செப்டம்பர் 1999

மரியாதைக்குரிய அக்காவுக்கு நுஸ்ரத்தின் சலாம். எல்லோரும் நலம். பழம் கால் பை வந்தது. பிள்ளைகள் அதற்கும் அடித்துக்கொண்டார்கள்.

தெரியுமா என்று கேட்டீர்கள். அக்கா, அந்த நிறுவனத்தில்தான் எனக்கு இப்போது வேலை. ஏழு மாதம் சும்மா இருந்துவிட்டுப் போன மாதம்தான் சேர்ந்தேன். வெளிநாட்டு அம்மாள் கேள்வி கேட்பார், நான் மொழிபெயர்த்துப் பதிலைப் படிவத்தில் எழுத வேண்டும். நம் பள்ளத்தாக்குக்கு அக்டோபரில் வருகிறோம். சொந்த ஊருக்குப் போகக் கூடாது என்பது விதி. எந்த ஊர் என்று கேட்டபோது நான் மாமனார் ஊரைச் சொல்லிவிட்டேன். வேலைக்கு ஆள் கிடைக்காத நேரம், அவர்களும் தோண்டவில்லை. ஆகவே அங்கே என்னைப் பார்த்தால் யாரென்றே தெரியாதது போல இருங்கள். ஊராட்சித் தலைவர் ஹோகிம்ஷோவிடமும் மற்றவர்களிடமும் சொல்லிவையுங்கள். வேலை போனால் இந்தக் குளிர்காலத்தில் நாங்கள் தெருவில்தான்.

படிவத்தில் என்ன இருக்கிறது, எப்படி மதிப்பெண் போடுகிறார்கள் என்று வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அலுவலகத்தில் இருப்பதை இருக்கிறபடி காட்டுங்கள். இல்லாததை இல்லை என்று சொல்லுங்கள். இதை இரண்டு தடவை படியுங்கள்.

சவ்ரியை மரத்தின் மேல் நடக்க விடாதீர்கள்.

தம்பி,
நுஸ்ரத்

சங்தரா,
23 செப்டம்பர் 1999

அன்புத் தம்பிக்குச் சலாம். சுகம். உன் சுகமும் அப்படியே ஆகட்டும்.

கடிதத்தை இரண்டு தடவை என்ன, நாலு தடவை படித்தேன். தலைவரையும் ஊர்ப் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். "இருக்கிறபடி காட்டணுமாம்"னு நான் சொன்னதும் ஹோகிம்ஷோ எழுந்து நின்றுவிட்டார். "என்ன இருக்கு காட்ட? சண்டையில எரிஞ்சு கரி பிடிச்ச நாலு சுவர் இருக்கு. கண்ணாடி இல்லாத ஜன்னல் இருக்கு. விருந்தாளியைச் சாம்பல்ல உட்காரவைக்கவா சொல்றான் உன் தம்பி? நகரத்துத் தண்ணி குடிச்சு மூளை கரைஞ்சு போச்சா அவனுக்கு?"

நான் விடவில்லை. "அவன் காரணம் இல்லாம எழுதமாட்டான், தலைவரே." அதற்கு அவர் சொன்னது எனக்கும் சுருக்கென்று தைத்தது. "பீபிமோ, சண்டையில தோத்த பக்கத்து ஆளுங்க நாம. மலைக்காரனுக்குத் துப்பாக்கிதான் பிடிக்கத் தெரியும், பேனா பிடிக்கத் தெரியாதுன்னு அங்க உட்கார்ந்து பேசறாங்க. வந்து பார்க்கட்டும். ஒழுங்கான ஆபீஸ், ஒழுங்கான மனுஷங்கன்னு எழுதிட்டுப் போகட்டும். அப்பத்தான் பாலம்."

ஊரே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பத்து வீட்டு விரிப்பு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடத்துத் தட்டச்சு இயந்திரம், ஆஸ்பத்திரியின் அலமாரி, பக்கத்து ஊராட்சியின் வரைபடம், மசூதியின் நாற்காலிகள், எல்லாம் வருகிறது. கண்ணாடி நாலு வீட்டு ஜன்னலில் இருந்து கழற்றி மாட்டப் போகிறார்கள். நம் அப்பாவின் இரும்பு அடுப்பை நான்தான் கொடுக்கிறேன். மரத்தின் மேல் அதை எப்படிக் கொண்டுபோகப் போகிறார்களோ.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, ஊர் இத்தனை உற்சாகமாக இருந்து நான் பார்த்தே ஏழெட்டு வருஷம் ஆகிறது. இது தப்பு என்றால் உடனே எழுது. நான் நிறுத்திவிடுகிறேன்.

அக்கா

சங்தரா,
12 அக்டோபர் 1999

அன்புத் தம்பிக்குச் சலாம். நல்லபடி போய்ச் சேர்ந்தாயா? வழியில் வண்டி மக்கர் செய்யவில்லையே?

என் போன கடிதத்துக்குப் பதில் போடவில்லை. சரி, பிரயாணத்தில் இருந்திருப்பாய்.

உன்னை நான்கு வருஷம் கழித்துப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. நான் என்ன செய்தேன்? டீ ஊற்றிக் கொடுத்தேன். நீ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு "நன்றி அம்மா" என்றாய். அடப் பாவி, அம்மாவாம்! ஹோகிம்ஷோ பக்கென்று சிரித்து, இருமல் வந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் குறும்புக்காரர் உன்னிடம், "சாருக்கு எந்த ஊரோ? முகம் எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே"ன்னு வேறு கேட்டாரே, நான் ஊற்றிய டீ தட்டில் சிந்திவிட்டது.

அந்த வெளிநாட்டு அம்மாள் நல்லவள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆட்டுக்கறிச் சோறு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். தட்டச்சு இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள். எனக்குத் தட்டச்சு தெரியுமா என்று கேட்டபோது தலைவர், "பேயா அடிப்பாங்க"ன்னு சொன்னார். இறைவன் மன்னிக்கட்டும், நான் அதன் பக்கமே போனதில்லை.

நீ மட்டும் ஒரு தடவைக்கு மேல் நிமிரவே இல்லை. குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாய்.

மறுநாளே எல்லாப் பொருளும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. அப்பா அடுப்பு திரும்பி வரும்போது மரம் வளைந்ததில் நழுவி ஆற்றில் விழுந்தது. வெளியே எடுத்தபோது அடுப்பின் ஒரு கால் உடைந்திருந்தது. போகட்டும், பாலம் வரட்டும். எப்போது முடிவு தெரியும்?

அக்கா

துஷான்பே,
9 நவம்பர் 1999

மரியாதைக்குரிய அக்காவுக்குச் சலாம். நாங்கள் நலம். சின்னவனுக்குக் காது வலி இருந்தது, இப்போது பரவாயில்லை.

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. செப்டம்பர் கடிதம் நாங்கள் புறப்படுவதற்கு முன்பே வந்துவிட்டது. பதில் எழுத நேரம் அமையவில்லை.

இந்த லாரியில் சவ்ரிக்கு ஒரு ஜோடி கம்பளிப் பூட்ஸும் சத்து மாத்திரையும் அனுப்பியிருக்கிறேன். மாத்திரை தினம் ஒன்று. ஆஸ்பத்திரி நர்ஸிடம் அவளை மாதம் ஒருமுறை காட்டுங்கள். எந்த மாதம் என்று எனக்குச் சொல்ல வேண்டாம், நர்ஸிடம் சொன்னால் போதும். முடிவு மேலிடத்தில் இருக்கிறது. நான் வெறும் எழுத்துக்காரன்.

நுஸ்ரத்

சங்தரா,
18 டிசம்பர் 1999

அன்புத் தம்பிக்குச் சலாம். நலம். குழந்தைக்குக் காது வலி என்றால் வெங்காயத்தைச் சுட்டுச் சாறு விடு, மருந்துக்கடைக்கு ஓடாதே.

பூட்ஸ் பொருந்தியது. போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து காட்டுகிறாள். சிரிப்பு மட்டும் சின்ன வயதில் இருந்தது போலவே இருக்கிறது. நர்ஸ் ஒருமுறை பார்த்தாள். வயிற்றுப் பிள்ளையின் தலை மேலே இருக்கிறதாம், திரும்பாவிட்டால் ஆஸ்பத்திரியில்தான் வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். நீ கேட்கவில்லை, நானும் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: மார்ச்சில் நவ்ரூஸ் பண்டிகை முடிந்து மூன்று வாரத்தில் பிரசவம். சரியாக ஆறு பொங்குகிற நேரம்.

உன் நிறுவனத்தின் கிடங்கில் நாலு இரும்புப் பாலம் துண்டு துண்டாகத் தயாராக இருக்கிறது, கொண்டுவந்து மாட்டப் பத்து நாள் போதும் என்று லாரி டிரைவர் பார்த்துவிட்டு வந்து சொன்னான். தினமும் கீழ்க்கரைச் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மார்ச்சுக்குள் வந்துவிடுமா? தெரியாது என்று எழுதாதே. நீ எழுதுகிற ஆள். உனக்குத் தெரியும்.

அக்கா

துஷான்பே,
20 ஜனவரி 2000

மரியாதைக்குரிய அக்காவுக்குச் சலாம்.

முடிவு வந்துவிட்டது. சங்தரா ஊராட்சிக்கு முதல் தரம். நாற்பது ஊராட்சியில் மூன்றுக்குத்தான் முதல் தரம். "தன் காலில் நிற்கும் திறன் உள்ளது" என்று எழுதியிருக்கிறார்கள். தன் காலில் நிற்பவர்கள் இரண்டு வருஷம் பொறுக்கலாம், ஒன்றுமே இல்லாதவர்களுக்கு முதலில் கொடுப்போம் என்பது மேலிடத்து முடிவு. நாலு பாலமும் கடைசித் தரத்துக்குப் போகிறது.

முன்பே சொல்ல முடியாதபடி என் வாயைக் கட்டியிருந்தார்கள். என்னால் ஆனதை எழுதினேன்.

சவ்ரியை மார்ச் முதல் வாரத்திலேயே கீழ்க்கரைக்குக் கொண்டுபோய்விடுங்கள். யார் வீட்டிலாவது இருக்கட்டும். செலவு என்னுடையது. சம்பந்தியம்மாள் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நுஸ்ரத்

சங்தரா,
24 பிப்ரவரி 2000

தம்பிக்குச் சலாம்.

பனிச்சரிவில் சாலை மூடி, உன் கடிதம் போன வாரம்தான் வந்தது. அதற்கு முன்பே நிறுவனத்தின் சான்றிதழ் மாவட்டம் வழியாக வந்துவிட்டது. முதல் தரம் என்றதும் ஊரே கொண்டாடியது. ஹோகிம்ஷோ ஒரு ஆடு அறுத்தார். "மலைக்காரனுக்குப் பேனா பிடிக்கத் தெரியாதுன்னாங்களே, பார்த்தாங்களா?" என்று கண்ணில் தண்ணீர் வர, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார். முதல் தரம் என்றால் முதல் பாலம் நமக்கு என்றே எல்லோரும் நினைத்தோம். உன் கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அப்ப ஒண்ணும் இல்லாதவங்களுக்குத்தான் பாலமா? நம்மகிட்டதானே ஒண்ணும் இல்ல?" என்றார்.

சவ்ரி விஷயம் கேள். புருஷன் ஊரில் இல்லாத பெண்ணை அயலார் வீட்டில் படுக்கவிட்டால் நாளைக்குக் கியோம் காதுக்கு என்ன போகும் என்று சம்பந்தியம்மாள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவளைத் திட்டிப் பயனில்லை, கீழ்க்கரையிலும் யாரும் வா என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் வலி எடுத்த பிறகுதான் படுக்கை தருவார்களாம். ஊராட்சி அலுவலகத்திலேயே என்னுடன் தங்கவைக்கலாம் என்று போய்ப் பார்த்தேன். ஜன்னலில் கண்ணாடி இல்லை. அடுப்பு இல்லை. தரையில் விரிக்க ஒரு சாக்குகூட இல்லை. தண்ணீர் வாளியில் உறைந்து கிடந்தது. பிள்ளைத்தாய்ச்சியை அங்கே எப்படி வைப்பேன்?

ஏப்ரல் முதல் தேதி கொஞ்சம் வெயில் வரும். அன்றைக்கு யாரையும் கேட்காமல் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். ஆறு எப்போதும் ஏப்ரல் பத்துக்கு மேல்தான் ஏறும்.

அக்கா

துஷான்பே,
21 மார்ச் 2000

அக்கா,

நவ்ரூஸ் வாழ்த்து. இங்கே மூன்று நாளாகக் கோடை போல வெயில் அடிக்கிறது. மேலே பனி வேகமாக உருகும். ஏப்ரல் வரை காத்திருக்காதீர்கள். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் சவ்ரியைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். வெள்ளிக்கிழமை நிறுவனத்து வண்டியைக் கேட்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்டால், என் சொந்த ஊர் அது என்று சொல்லிவிடப் போகிறேன். வேலை போனால் போகட்டும்.

உங்களிடம் நேரில் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. கடிதத்தில் வரமாட்டேன் என்கிறது.

நுஸ்ரத்

துஷான்பே,
6 மே 2000

அக்கா,

வண்டி கொடுக்கவில்லை. சாலை மண்சரிவில் மூடிவிட்டது என்றார்கள். நானாகப் புறப்பட்டு இரண்டாவது கணவாய் வரை வந்தேன், ராணுவச் சாவடியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது மூன்றாவது கடிதம். எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் தெரியாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

ஒரே ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

நுஸ்ரத்

சங்தரா,
30 மே 2000

நுஸ்ரத்,

உன் மூன்று கடிதமும் ஒன்றாக வந்தன. மார்ச் கடிதத்தில் இறங்கு என்று எழுதியிருந்தாய். மார்ச் இருபத்தாறாம் தேதியே மரத்தை ஆறு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி விடியும்போது சவ்ரிக்கு வலி எடுத்தது. தலை திரும்பவில்லை, கால்தான் முன்னால் வந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அக்கரையில் நர்ஸ் வந்து நின்றுகொண்டு என்னென்னவோ கத்தினாள், தண்ணீர் இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கதவைக் கழற்றி அதில் கிடத்தி, ஆறு ஆண்கள் பனி மூடிய மேல் கணவாய் வழியாகச் சுற்றிக்கொண்டு தூக்கிப் போனார்கள். ஏழு மணி நேர வழி. கூடவே ஓடினேன். "அம்மா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இதோ, இதோ என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நாலாவது மணி நேரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவளையும் வயிற்றில் இருந்ததையும் ஒரே குழியில் வைத்தோம். கியோமுக்குத் தகவல் போய்விட்டது.

அடுத்தது அலுவலக விஷயம். உன் நிறுவனத்தில் இருந்து ஒரு கட்டுக் காகிதம் வந்தது. ஒரு பிரசவச் சாவு நடந்திருப்பதால் சங்தராவை மறுபடி மதிப்பிட்டுப் பாலம் கொடுக்கலாமாம். புதுப் படிவத்துடன் அக்டோபரில் நிரப்பிய படிவத்தின் நகலையும் வைத்திருந்தார்கள். உன் கையெழுத்து. உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான், எனக்குத் தெரியாதா? தட்டச்சு இயந்திரம், இருக்கிறது. அலமாரி, இருக்கிறது. அடுப்பு, இருக்கிறது. விரல் வைத்து எண்ணினேன். இருபத்தாறு இடத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தது. எது யார் வீட்டுச் சாமான் என்று ஒவ்வொன்றும் உனக்குத் தெரியும். இருந்தாலும் அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பரப்பி வைத்தது நாங்கள், நீ எழுதினாய். வேலை போய்விடும் என்று பயந்தாய், ஊர் மானத்துக்குப் பயந்தாய்.

கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் வேறு பதில் இருந்தது. "ஆற்றைக் கடந்து மருத்துவம் பெற வேண்டிய கர்ப்பிணிகள் மேல்கரையில் உண்டா?" அந்த அம்மாள் அதைக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. நான் தேநீர்ப் பாத்திரத்துடன் கதவோரம் நின்றிருந்தேன். அந்நிய ஆண்கள் முன்னால் பெண்கள் விஷயம் பேசுவதா என்று ஹோகிம்ஷோவுக்குக் காது சிவந்துவிட்டது. "அப்படி யாரும் இல்ல" என்றார். எனக்கும் வெட்கம், தலையைக் குனிந்துகொண்டேன். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். சவ்ரி விஷயத்தை ஆகஸ்டிலேயே உனக்கு நான் எழுதியிருந்தேன். பார்த்துவிட்டுக் குனிந்து, இல்லை என்று எழுதினாய்.

நேரில் சொல்ல வேண்டும் என்றாயே, அது இதுதானே? சொல்ல வர வேண்டாம். நானாக எழுதும்வரை நீயும் எழுதாதே. உன் பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்.

புதுப் படிவத்தை நானே நிரப்பினேன். பக்கத்தில் ஹோகிம்ஷோ இருந்தார், இன்னும் மூன்று ஆண்கள் இருந்தார்கள். அந்தக் கேள்வி வந்ததும் நாலு பேர் என்று எழுதி, நாலு பெண்களின் பெயரையும் எந்த மாதம் என்பதையும் எல்லோர் காதிலும் விழும்படி உரக்கப் படித்தேன். ஆண்கள் எழுந்து வெளியே போனார்கள். எனக்கு வெட்கமாகவே இல்லை.

பீபிமோ